பதினொரு ரன்னும் நாற்பது பாடங்களும்

டொக்.

உள்ளறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தபோது, தபீதாள் கூடத்தில் தம்பிக்கு முன்னால் காபி டம்ளரை வைத்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதம் கழித்து அவள் வீட்டு வாசற்படியை மிதித்திருக்கிறான் ஜாபேஸ். அதே சித்தூரில், இரண்டே தெரு தள்ளியிருந்தும் வராதவன். அவன் வந்திருக்கிறான் என்று தெரிந்தும், அவள் கணவர் ஜோனத்தான் பீரோ கண்ணாடிக்கு முன்னால் நின்று இல்லாத பந்தைத் தடுத்து ஆடிக்கொண்டிருந்தார். பேட்டின் நுனி தரையில் இடிக்கும் சத்தம்தான் அது.

“மாமா இன்னும் ஆடிக்கினுதான் கீறாரா?” என்றான் ஜாபேஸ்.

“அன்னிக்கு அவுட் ஆனதே அவருக்கு இன்னும் தெரியாதுடா” என்றாள் தபீதாள்.

இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரித்த வேகத்தில் அவள் கண் ஏன் நிறைந்தது என்பதைச் சொல்வதற்கு முன்னால், உள்ளே ஆடிக்கொண்டிருப்பவர் எந்த இனம் என்று உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

உலகத்தில் கிரிக்கெட் ஆடுகிறவர்கள் உண்டு, பார்க்கிறவர்கள் உண்டு. மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது. வாழ்நாளில் ஒரே ஒரு மேட்ச் ஆடிவிட்டு, அதிலிருந்து ஊருக்கெல்லாம் வாழ்க்கைப் பாடம் எடுக்கும் கூட்டம். பாடக்காரர்கள் என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் நம்மைப் போலவே இருப்பார்கள். கரண்ட் ஆபீசில் சீனியர் அசிஸ்டென்டாக இருப்பார்கள், நாற்பத்தெட்டு வயதில் முட்டிக்குத் தைலம் தேய்ப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து கனமான குரலில் பாடுவார்கள். ஆனால் நீங்கள் ஒரு கஷ்டத்தைச் சொல்லி வாய் மூடுவதற்குள், “நம்ம அந்த மேட்ச்ல...” என்று ஆரம்பிப்பார்கள் பாருங்கள், அப்போது தெரியும்.

ஜோனத்தான் அந்த மேட்ச்சில் அடித்தது பதினொரு ரன். அதிலிருந்து கறந்த பாடங்கள் நாற்பதைத் தாண்டும்.

இட்லி மாவு புளிக்கவில்லை என்றால், “பிட்ச்சைப் பாக்காம பேட்டிங் எடுக்கக் கூடாது தபீதா.” எதிர்வீட்டு யாமினிக்கு இன்ஜினியரிங் சீட் கிடைக்கவில்லை என்றால், “மொத ஓவர்லயே சிக்ஸர் அடிக்கப் பாக்கக் கூடாதும்மா.” அந்தப் பெண் மருத்துவம் படிக்க ஆசைப்பட்டு, வீட்டாரின் நச்சரிப்பால் அந்தப் பரீட்சையை எழுதியவள். சீட் கிடைக்காததில் அவளைவிடச் சந்தோஷப்பட்டவர் எவருமில்லை. அது அவருக்கு எதற்கு? கங்காதர நெல்லூரில் ஒரு சாவு வீட்டுக்குப் போனார். கணவனைப் பறிகொடுத்து மூலையில் சுருண்டு கிடந்த ரத்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “அம்பயர் வெரலைத் தூக்கிட்டா போய்த்தான் ஆகணும்மா” என்றார். ரத்னம்மா அழுகையை நிறுத்தினார். “யார்ப்பா வெரலைத் தூக்கினது?” என்று கேட்டார். தபீதாள் கணவரை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

சிரிக்கலாம். ஆனால் இந்த இனத்தில் ஒரு விஷம் உண்டு. பாடம் எடுப்பவருக்கு ஒரு தப்பு தேவைப்படும். அந்தத் தப்பை எப்போதும் இன்னொருவர்தான் செய்திருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். கோயிலில் அறுப்பின் பண்டிகை முடிந்த மறுநாள் சித்தூர் சபைக்கும் திருப்பதி சபைக்கும் பன்னிரண்டு ஓவர் மேட்ச் நடப்பது வழக்கம். கடைசி ஓவரில், இரண்டு பந்தில் மூன்று ரன் வேண்டும். முப்பத்திநாலு ரன் அடித்து ஆட்டத்தையே தூக்கி நிறுத்தியிருந்த ஜாபேஸ் எதிர்முனையில் நிற்க, பந்தைச் சந்தித்தவர் ஜோனத்தான். பேட்டின் நடுவில் பட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பட்டது! “வா, வா, ஓடியா!” என்று கத்தினார். ஜாபேஸ் முக்கால் தூரம் ஓடி வந்தான். கூப்பிட்டவரோ பேட்டை உயர்த்திப் பிடித்தபடி, தாம் அடித்த பந்து போகும் அழகைப் பார்த்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார். ஜாபேஸ் திரும்பினான், சறுக்கினான், முழங்கை தோலுரிந்தது, அவுட். அடுத்த பந்தில் ஜோனத்தானின் நடு ஸ்டம்ப் பறந்தது.

எல்லைக்கோட்டருகே எலுமிச்சை ஜூஸ் அண்டாவோடு நின்ற தபீதாள் அத்தனையும் பார்த்தாள், காதாலும் கேட்டாள்.

தோற்றதோடு போயிருந்தால் இந்தக் கதை இல்லை. மேட்ச்சுக்கு அடுத்த ஞாயிறு ஆராதனையில், ஆடியவர்களில் ஒருவர் எழுந்து சாட்சி சொல்வதும் அங்கே வழக்கம். ஜோனத்தான் எழுந்தார். தொண்டையைக் கனைத்தார். “அழைப்பு வருமுன்னே ஓடுகிறவன் விழுவான் என்று என் மைத்துனர் மூலமாகக் கர்த்தர் எனக்கு ஒரு பாடம் கற்றுக்கொடுத்தார்” என்றார். சபையே “ஆமென்” என்றது. முழங்கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த ஜாபேஸ் அக்காளைத் திரும்பிப் பார்த்தான். அவள் பாட்டுப் புத்தகத்தைக் குனிந்து பார்த்தாள்.

அந்தக் குனிவுதான் எட்டு மாதமாக அவள் கழுத்தை நிமிர விடவில்லை.

ஒருவழியாக ஜோனத்தான் கூடத்துக்கு வந்தார், கையில் பேட்டோடு.

“வா மச்சான். பாத்தியா, எவ்ளோ நாள் பெவிலியன்ல உக்காந்தாலும் ஒருநாள் கிரவுண்டுக்கு வந்துதானே ஆகணும்?”

ஜாபேஸ் பல்லைக் கடித்தான். பிறகு நிதானமாகப் பேசினான். “மாமா, திருப்பதில வீடு கட்டி முடிச்சிட்டோம். நாளிக்குக் காலீல பத்து மணிக்கு பாஸ்டர் வந்து ஜெபம் பண்றாரு. நீங்களும் அக்காவும்தான் ரிப்பன் வெட்டணும். நைனா இருந்தா அதான் சொல்லியிருப்பாரு. எங்க வீட்ல ஷோபாவும் அதான் சொல்றா.”

“அதுக்கென்ன, வெட்டிட்டாப் போச்சு.”

“ஒரே ஒரு வார்த்த மாமா. கோயில்ல சொல்ல வேணாம். இங்க, அக்கா எதுர்ல சொன்னா போதும். அன்னிக்கு என்னைக் கூப்ட்டது நீங்கதானே?”

 தபீதாள் கணவரின் வாயையே பார்த்தாள். ஒரு வார்த்தை! ‘ஆமாம்’ என்ற ஒரு வார்த்தையில் பிறந்த வீடு அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிடும். ஜோனத்தானின் உதடு துடித்தது. முகம் இளகியது. பேட்டைச் சுவரில் சாய்த்தார். ஆண்டவரே, சொல்லிவிடப் போகிறார்!

“ஜாபேஸ்... அன்னிக்குக் கூப்ட்டது...”

“ஆங், சொல்லுங்க மாமா.”

“கூப்ட்டது யாருன்றதா முக்கியம்? அதுலருந்து நாம இன்னா கத்துக்கினோம்ன்றதுதானே முக்கியம்?”

ஜாபேஸ் எழுந்துகொண்டான். காபி ஆடை படிந்து அப்படியே இருந்தது.

“சரேலே மாமா, இருக்கட்டும். வரேன்க்கா.”

“நில்லுடா” என்றாள் தபீதாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. “கூப்ட்டது இவருதான். மூணு தடவ கூப்ட்டாரு. எங்காதுல உழுந்தது. அன்னிக்கே நான் கோயில்ல எழுந்து சொல்லியிருக்கணும். பயந்துக்கினு உக்காந்துட்டேன். தப்பு என்னுதுடா.”

ஜாபேஸ் அவளையே பார்த்தான். “இதுக்குத்தான்க்கா ரெண்டு தெருவ எட்டு மாசமா தாண்ட முடில” என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அன்பு வாசகர்களே, ஒரு நிமிடம். இதைப் படித்துக்கொண்டே வரும்போது, ‘இதை அவசியம் அவருக்குப் படிக்கக் கொடுக்கணும், அவருக்கு நல்ல பாடம்’ என்று யாரோ ஒரு மைத்துனர், மேனேஜர், மாமியார் பெயர் உங்கள் மனதில் ஓடியிருந்தால், தயவுசெய்து பீரோ கண்ணாடிக்கு முன்னால் போய் ஒரு தடவை நின்று பாருங்கள். எனக்கு இதை எழுத ஆரம்பித்தபோதே மூன்று பெயர் ஓடிற்று.

தபீதாள் அதற்குள் இரண்டு புடவையைப் பையில் திணித்துக்கொண்டு வந்துவிட்டாள். “பாத்திரம் பண்டம்லாம் ஷோபா ஒருத்தியா எப்புடி எடுத்து வெப்பா? நானும் வரேன், நட.”

“அப்ப நானு?” என்றார் ஜோனத்தான்.

“பத்து மணிக்கு ரிப்பன். அதுக்குள்ள அந்த வார்த்தையச் சொல்ல வந்தா வாங்க.”

“தபீதா, ஒரு நிமிஷம், அந்த மேட்ச்ல...”

தம்பியை முன்னால் போகவிட்டு, அவள் வெளியிலிருந்து கதவைச் சாத்தினாள்.