அல்லிநகரம் கிருக சுத்திக் கம்பெனி மூடப்பட்ட விவரம்

அல்லிநகரம்,
ஈஸ்வர வருஷம், ஐப்பசி 8.

பண்ணைப்புரம் மாமா பேச்சிமுத்து அவர்கள் சமுகத்துக்கு, மருமகன் அம்மாவாசி தாள்பணிந்து எழுதிக்கொண்டது. தங்கள் தேக சௌக்கியத்துக்கும், அத்தையின் முழங்காலுக்கும், செவலைப் பசுவின் பிரசவத்துக்கும் தினமும் வேண்டிக்கொள்கிறேன். இவ்விடம் க்ஷேமம் என்று எழுதுவது முறை. ஆனால் இவ்விடத்துக்கு உரிய க்ஷேமம் சென்ற புதன்கிழமை உத்தமபாளையம் பஸ்ஸில் ஏறித் தங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. அதாவது தங்கள் மகள் பவுனு. தீபாவளிக்குள் அவளைத் திருப்பி அனுப்பவேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம். அவள் பக்கத்தை அழுதுகொண்டே சொல்லியிருப்பாள். என் பக்கத்தையும் கேட்டுவிட்டு முடிவு செய்யவும்.

மாமா, பஞ்சு ஆலையில் எடைக் குமாஸ்தாவாகப் பத்து வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். மிஷின் ஓடும்போது கூரைக் கண்ணாடி வழியாக வெயில் விழும். அந்த வெயிலில் பஞ்சுத் தூசி மெதுவாக இறங்கும், இறங்குவது போலிருந்து மறுபடியும் ஏறும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் என் உடம்புக்குக் கனமே இல்லாமல் போய்விடும், தராசில் உட்கார்ந்தால்கூட முள் அசையாது என்று தோன்றும். அப்படி ஒருநாள் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இதெல்லாம் கடைசியில் எங்கே போய் உட்காருகிறது என்று கேட்டுக்கொண்டேன். ரயில் வேறு வந்துவிட்டது, கரிப்புகைக்குக் கேட்கவே வேண்டாம். போடியிலிருந்து கூடலூர் வரைக்கும் எத்தனை வீடு, எத்தனை உத்தரம், எத்தனை பரண்! அத்தனையையும் துடைத்துவிட்டால், மேற்கு மலையிலிருந்து இறங்கி வரும் மேகம் ஒரு வீட்டுச் சன்னலில் நுழைந்து அடுத்த வீட்டு வாசலில் வெளியேறினாலும் வெள்ளை குறையாமல் போகுமே என்று நினைத்தேன். அன்று மத்தியானம் இரண்டு வண்டிப் பஞ்சு எடை போடாமலே உள்ளே போய்விட்டது.

இதற்கென்றே வீடு துடைக்கும் கிருக சுத்திக் கம்பெனி ஒன்றை ஆரம்பித்தேன். ஆனால் ஆலை வேலையை நான் விடவில்லை. அந்த அளவுக்குச் சொப்பனத்தில் நடக்கிறவன் அல்ல உங்கள் மருமகன். காலையில் ஆலைச் சங்கு ஊதுகிற வரைக்கும் கம்பெனி, அப்புறம் ஆலை, ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கம்பெனி என்று வகுத்துக்கொண்டேன். பெரியகுளத்தில் நோட்டீஸ் அடித்தேன்: 'ஒட்டடை, கரி, புகை, தூசி, எட்டுக்கால் பூச்சி சகலமும் நயமாக அகற்றப்படும்.' ஆலையில் பொதி தூக்கும் ராக்கையாவைச் சேர்த்துக்கொண்டேன். நீள மூங்கில், தென்னந்துடைப்பம், ஏணி, சீயக்காய்த்தூள், இரண்டு பேருக்கும் காக்கி நிறத்தில் தலைப்பாகை எல்லாம் தயார். ஏலக்காய் வியாபாரி வீட்டு மலையம்மாள்தான் முதலில் ஆள் அனுப்பி வரச் சொன்னாள். ஞாயிறு விடிந்ததும் போனோம். போய்ப் பார்த்தால், மாமா, தரையில் என் முகம் தெரிந்தது. உத்தரத்தில் ஒரு நூல் ஒட்டடை கிடையாது. அடுப்படிச் சுவர் அப்போதுதான் சுண்ணாம்பு கண்டிருந்தது. ராக்கையா ஏணியைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை.

"ஏன்த்தா, இங்கன என்னத்தச் சுத்தம் பண்ணுறது?" என்று கேட்டேன்.

மலையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி, "வேத்து ஆம்பளைக வந்து எங்க வீட்டுக் கரியப் பாத்துட்டு நாலு எடத்துல சொல்லவா? மூணு நாளாத் தூக்கமில்லாமத் தொடச்சுருக்கேன். வந்தது வந்தீக, காப்பியக் குடிச்சுட்டுப் போங்க," என்றாள்.

அடுத்த வீட்டிலும் காப்பி. அதற்கடுத்த வீட்டில் காப்பியும் பணியாரமும். நாங்கள் வருகிறோம் என்று தெரிந்ததுமே வீட்டுப் பெண்கள் பரணில் ஏறிவிடுகிறார்கள். எங்கள் நோட்டீஸ் போன தெருவெல்லாம் பளபளத்தது. எங்கள் துடைப்பத்தில் மட்டும் ஒரு தூசி ஒட்டவில்லை. ராக்கையாவுக்குத் தொப்பை விழுந்தது. "அண்ணே, இதவிட நல்ல கம்பெனி மதுரையிலகூட இருக்காது," என்றான்.

எனக்கு மனம் ஆறவில்லை. தொழில் கை மறந்துவிடுமே என்று என் வீட்டிலேயே ஆரம்பித்தேன். பவுனுவிடம் முன்கூட்டிச் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம், சொன்னால் அவளும் துடைத்துவிடுவாள் என்பதே. புதன்கிழமை விடியும் முன்னே, அவள் தண்ணீருக்குப் போன சமயம் பார்த்து, நானும் ராக்கையாவும் கட்டில், பெட்டி, பாய், தலையணை, தானியக் குலுக்கை, ஆட்டுரல், அவளுடைய கூறைப்புடவை வரைக்கும் எல்லாவற்றையும் தெருவில் கொண்டுபோய் வைத்தோம். காலியான வீட்டுக்குள் முதல் வெளிச்சம் வந்து விழுந்தது. அந்தத் தூசி எழும்பி நின்ற அழகை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். நான் மூங்கிலைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் நின்றேனோ, ஆலைச் சங்கு ஊதிவிட்டது. நானும் ராக்கையாவும் போட்டது போட்டபடி ஆலைக்கு ஓடினோம்.

அதற்குப் பிறகு நடந்தது பிறர் சொல்லிக் கேள்வி. தெருவில் போனவர்கள் எல்லாம் கோர்ட்டு ஜப்தி என்று நினைத்து நின்றிருக்கிறார்கள். ஒரு கிழவி பவுனுவைக் கட்டிப்பிடித்து, "ஒம் புருசன் எம்புட்டுக் கடன் வச்சுருந்தாகளோ, ஆத்தா!" என்று ஒப்பாரியே வைத்தாளாம். வெற்றிலைக்கொடிக்கால்காரர் ஒருவர் ஆட்டுரலைப் புரட்டிப் பார்த்து விலை கேட்டாராம். பவுனு ஒருத்தியாக ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டிருக்கையில் மலையிலிருந்து மழை இறங்கிவிட்டது. கூறைப்புடவையின் சாயம் தலையணைக்கு ஏறியதாம். மத்தியானம் நான் வந்தபோது பூட்டிய கதவும், எதிர்வீட்டில் சாவியும், "என்னையும் தூசின்னு நெனச்சுட்டாக போல" என்று அவள் சொல்லிவிட்டுப் போன ஒரு வார்த்தையும்தான் இருந்தன. அந்த வார்த்தை இன்னும் என் நெஞ்சை விட்டு இறங்கவில்லை.

அந்தக் கலக்கத்திலேயே வெள்ளிக்கிழமை ஆலையில் பொதிகளுக்கு விலாசம் எழுதினேன். மதுரை மில்லுக்குப் போகவேண்டிய பதினொரு பஞ்சுப் பொதியிலும் 'கிருக சுத்திக் கம்பெனி, அல்லிநகரம்' என்று முத்து முத்தாக எழுதியிருக்கிறேன். ஸ்டேஷனில் போர்ட்டர் மொக்கைச்சாமி எழுத்துக்கு மரியாதை கொடுக்கிறவர். ரயிலில் ஏற்றாமல் மாட்டுவண்டியில் ஏற்றி என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். சாயந்தரம் மானேஜர் வந்து பார்த்தபோது நான் ஒரு பொதிமேல் சாய்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மாவாசி, ஆலை வேணுமா கம்பெனி வேணுமா? திங்கக்கெழம காலையில சொல்லு," என்றார்.

ஆகவே மாமா, கம்பெனியை மூடிவிட்டேன். குலதெய்வத்தின் பேரில் சத்தியம். மூங்கிலைப் பந்தலுக்குக் கொடுத்தாயிற்று. நோட்டீஸ்களை அடுப்பில் போட்டாயிற்று. இனிமேல் தூசியைக் கண்டாலும் காணாததுபோல் போய்விடுவேன். பவுனு இல்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் கோபமாக இருந்தாலும் பரவாயில்லை, இங்கே வந்து கோபமாக இருக்கச் சொல்லவும். நான்தான் பிசகு செய்தேன், அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை.

அத்தைக்கும் மைத்துனர்களுக்கும் என் வணக்கத்தைச் சொல்லி, செவலைப் பசுவுக்கு என் பேரில் ஒரு கைப் புல் போடவும்.

தங்கள் கீழ்ப்படிந்த மருமகன்,
அம்மாவாசி

பி.கு. உறையை ஒட்டுகிற சமயத்தில் பவுனு வந்துவிட்டாள். தானாகவே வந்தாள். கடிதத்தை என் கையிலிருந்து பிடுங்கிப் படித்தாள். மலையம்மாள் காப்பி கொடுத்த இடத்தில் சிரிக்க ஆரம்பித்தவள், பொதி வந்த இடத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆம்பளைக ஏணியத் தூக்கிக்கிட்டு அடுப்படிக்குள்ள வந்தா எந்தப் பொம்பள அழுக்கக் காட்டுவா? இது எங்க வேலைங்க. நீங்க ஆலைக்குப் போங்க, கம்பெனிய நான் பாத்துக்கிறேன்," என்றாள். ஆகவே மேலே செய்த சத்தியம், மன்னிப்பு, கம்பெனி மூடல் எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படிக்கவும். பந்தலுக்குக் கொடுத்த மூங்கிலைத் திருப்பி வாங்கி வந்துவிட்டேன்.

பவுனு உடனே எதிர்வீட்டுச் சங்கிலியம்மாளையும் கூட்டிக்கொண்டு மலையம்மாள் வீட்டுக்குப் போனாள். இவர்களைக் கண்டதும் மலையம்மாள் தெருக்கதவைச் சாத்திவிட்டு, எங்களுக்குக் காட்டாத பின்கட்டுப் பரணைத் திறந்துவிட்டாளாம். பவுனு இப்போதுதான் திரும்பி வந்தாள். தலை முதல் கால் வரை கரி, புருவத்தில் ஒட்டடை, பல் மட்டும் வெள்ளை. கல்யாணத்தன்றுகூட நான் அவளை இவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை, மாமா. ஆசையாக, "பரணில் என்ன இருந்தது?" என்று கேட்டேன்.

"கம்பெனிச் சமாச்சாரத்த வெளி ஆளுககிட்டச் சொல்றதில்ல," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.