டாக்டர் வீட்டைக் காலி பண்ணுகிறாராம்

படிக்கட்டுத் திருப்பத்தில் பெட்டி மாட்டிக்கொண்டது.

பல் டாக்டர் இரண்டு படி கீழே நின்று தோளைக் கொடுத்து முட்டிப் பார்த்தார். மேலே போய் கைப்பிடியைப் பிடித்து இழுக்கலாம் என்றால் பெட்டியைத் தாண்டிப் போக வழியில்லை. பழைய காலத்து டிரங்குப் பெட்டி அது. மூடி ஆமை ஓடு மாதிரி வளைந்திருந்தது. மூலைக்கு மூலை பித்தளைத் தகடு, நடுவில் துருப்பிடித்த இரும்புப் பட்டை, முகப்பில் வாயைப் பிளந்த பூட்டு. கப்பல் ஏறிப் போய் வந்த பெட்டி என்று பழைய சாமான் கடைக்காரர் சத்தியம் பண்ணியிருந்தார். எந்தப் பெட்டியை விற்றாலும் அவர் அதே சத்தியத்தைத்தான் பண்ணுவார். டாக்டரும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் நம்புவார்.

பெட்டியின் கனத்தை அவர் சமாளித்துவிடுவார். வீட்டுக்குள் இருந்த மனைவியைத்தான் சமாளிக்க முடியாது.

"இனிமே ஒரே ஒரு பெட்டி இந்த வாசப்படியைத் தாண்டட்டும், அப்புறம் நடக்கறதுக்கு நான் பொறுப்பில்ல" என்று அவள் சொல்லியிருந்தாள். அதுவும் கத்திச் சொல்லவில்லை. சாந்தமாகச் சொன்னாள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் சாந்தமாகப் பேசினால் வகுப்பே நடுங்கும்.

டாக்டருடைய திட்டம் எளிமையானது. பின் அறையில் ஏற்கெனவே அடுக்கியிருக்கும் பெட்டிகளுக்கு நடுவே இதையும் சொருகி, மேலே ஒரு போர்வையைப் போட்டுவிட்டால் யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்? கணக்கு டீச்சர் எண்ணிப் பார்ப்பாள் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. வக்கீல் குப்பைக் கூடையோடு வெளியே வந்தார்.

"என்ன டாக்டர், இன்னிக்கேவா காலி பண்றீங்க?"

அதே நேரம் உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "வெளியில யாருங்க? என்ன சத்தம்?"

டாக்டருக்குக் குப்பென்று வியர்த்தது. ஒரே பதிலில் இரண்டு பேரையும் சமாளித்தாக வேண்டும். உள்ளே கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார். "ஆமா சார், ஆமா! காலி பண்றேன். ஒவ்வொரு பெட்டியா வெளியே கொண்டு போயிட்டிருக்கேன்!"

"தனியாவா தூக்கறீங்க? சொல்லக் கூடாதா? நகருங்க" என்று வக்கீல் கூடையை ஓரமாக வைத்துவிட்டுக் சட்டைக் கையை மடித்துவிட்டார். மேலிருந்து ஒரே தள்ளு. இவ்வளவு நேரம் அசையாத பெட்டி வழுக்கிக்கொண்டு இறங்கியது. அரும்பாடுபட்டு ஏற்றிய அத்தனை படிகளையும் டாக்டர் பின்புறமாகவே இறங்கி முடித்தார். தெருவில் பெட்டியை வைத்துவிட்டு வக்கீல் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"போற இடத்துல சௌகரியமா இருங்க. எங்களையெல்லாம் மறந்துடாதீங்க."

'பெட்டியைத்தானே காலி பண்ணுகிறேன் என்றேன்? இவர் என்ன நம்மையே வழியனுப்புகிறார்?' என்று டாக்டர் குழம்பினார். விளக்கம் சொல்ல வாயெடுத்தால் மேல் ஜன்னலில் மனைவியின் தலை தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு ஒரு வண்டியைப் பிடித்தார். பெட்டியைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனார்.

கிளினிக்கில் அதை வைக்க, நோயாளிகள் உட்காரும் கூடத்தைத் தவிர வேறு இடமில்லை. நோயாளி இல்லாத நேரங்களில் அவர் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடியைப் பூட்டுக்குள் விட்டுப் பார்த்தார். வாய்க்குள் காரை சுரண்டுகிற கொக்கியால் கீலில் ஒட்டிய துருவைச் சுரண்டினார். எந்தப் பல்லும் தராத ஒரு நிம்மதி அவருக்குப் பெட்டிகளில் கிடைத்தது. பெட்டி கத்தாது. எச்சில் துப்பாது. "வலிக்குமா டாக்டர்?" என்று கேட்காது.

ஆனால் மறுநாள் காலையில் கூடம் நிரம்பி வழிந்தது. முதலில் உள்ளே வந்தவர் பேங்க் மேனேஜர். கன்னத்தைக் கையால் பொத்தியிருந்தார்.

"டாக்டர், இது நியாயமா? என் கடவாய்ப் பல்லுல பாதி குழி தோண்டி வெச்சிருக்கீங்க. நீங்க பாட்டுக்குப் பெட்டியைக் கட்டிட்டா நான் யார்கிட்ட போய் வாயைத் திறக்கறது?"

"நான் எங்கே சார் பெட்டி கட்டினேன்?"

மேனேஜர் கூடத்தில் இருந்த பெட்டியைக் காட்டினார்.

"அது பொழுதுபோக்குக்கு வாங்கினது!"

"எதுக்கோ வாங்கினது. போறதுக்கு முன்னாடி என் பல்லை அடைச்சுட்டுப் போங்க."

அடுத்து வந்த அம்மாள் தன் மகளைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "இவ பல்லுல கம்பி மாட்டி விட்டிருக்கீங்களே, இதை யார் கழட்டுவா? கம்பியோடவே இவ காலேஜுக்குப் போகணுமா?"

அன்று மாலைவரை டாக்டர் பல்லை அடைத்தார், கம்பியை முறுக்கினார், நடுநடுவே "நான் எங்கேயும் போகல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் நம்பவில்லை. போகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்களாம்.

கடைசியில் ஒரு யோசனை வந்தது. வெள்ளை அட்டையில் கொட்டை எழுத்தில் 'டாக்டர் எங்கேயும் போகவில்லை' என்று எழுதி வாசலில் மாட்டினார்.

அதுவரை விஷயமே தெரியாதவர்கள்கூட அதற்குப் பிறகு நின்று படித்தார்கள்.

"ஏன் இப்படி எழுதி வெச்சிருக்கார்? யாராவது தேடறாங்களா?"

"ஏதோ வில்லங்கம். இல்லாட்டி எவனாவது போகலன்னு போர்டு போடுவானா?"

இதையெல்லாம் கேட்டுவிட்டு உள்ளே வந்த நர்ஸ் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. கண் டாக்டர் ஒருத்தர் கூப்பிட்டார். ஒண்ணாம் தேதியிலிருந்து வரேன்னு சொல்லிட்டேன். எனக்கும் குடும்பம் இருக்கில்ல?"

"நான் போகலம்மா!"

"போர்டைப் பார்த்ததும்தான் சார் எனக்கே உறுதியாச்சு."

டாக்டர் அட்டையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். மனைவியின் காதுக்கு இது எட்டுவதற்குள் தானே சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினார். ஆனால் அதைச் சொன்னால் புதுப் பெட்டியைச் சொல்ல வேண்டும். புதுப் பெட்டியைச் சொன்னால், அப்புறம் நடக்கிறதுக்கு அவள் பொறுப்பில்லை.

மனைவி வழக்கத்துக்கு மாறாகச் சிரித்த முகமாக இருந்தாள். டீயை அவர் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தாள்.

"என்னங்க, உங்களுக்குத் தலகாணி ஒண்ணு போதுமா, ரெண்டு வேணுமா?"

"ஒண்ணு போதும். ஏன்?"

"சும்மாதான். வெயில் எந்தப் பக்கம் விழுந்தா உங்களுக்குப் பிடிக்கும்? காலையில விழணுமா, சாயங்காலமா?"

குற்ற உணர்ச்சியில் இருந்த மனுஷன் எந்தக் கேள்விக்கும் எதிர்க்கேள்வி போடுகிற நிலையில் இல்லை. "எந்தப் பக்கம் விழுந்தாலும் சரி" என்றார் பணிவாக.

"நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். இப்படி ஒரு தங்கமான மனைவியிடமா பெட்டியை மறைக்கிறோம் என்று அவர் தன்னையே திட்டிக்கொண்டார். ஆனாலும் மறைத்தார்.

அடுத்த நாள் மத்தியானம் சாப்பிட வந்தபோது பின் அறையில் யாரோ நடமாடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். காதில் பென்சில் சொருகிய தச்சர் ஒருவர் பெட்டிகளுக்கு நடுவே புகுந்து சுவரை அளந்துகொண்டிருந்தார்.

"யாருங்க நீங்க? என் ரூம்ல என்ன அளக்கறீங்க?"

"பெஞ்சு போடத்தாங்க. இந்த ரூம் காலியானதும் வேலையை ஆரம்பிக்கச் சொல்லியிருக்காங்க."

டாக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார். வதந்தி வீட்டுச் சொந்தக்காரர்வரை போயாகிவிட்டது! அவர் வேறு ஆளுக்கு வீட்டைப் பேசியும் முடித்துவிட்டார்!

"யாருக்குப் பெஞ்சு?"

"வரப்போற பிள்ளைங்களுக்கு."

"எத்தனை பிள்ளைங்க?"

தச்சர் தலையைச் சொறிந்தார். "முதல்ல ஒரு இருபது பேர் வருவாங்களாம். போகப்போக ஜாஸ்தியாகுமாம்."

"இருபதா? போகப்போக இன்னுமா? அந்தத் தகப்பன் என்னதான் வேலை பார்க்கறார்?"

தச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டருக்கு அதைவிடப் புரியவில்லை. அவர் குரலைத் தாழ்த்தி, "இங்கே பாருங்க, இந்த வீடு சரியில்ல. மழை வந்தா ஒழுகும். குழாய்ல தண்ணி வராது. போய்ச் சொல்லிடுங்க" என்றார்.

"யார்கிட்டங்க?"

"உங்களை அனுப்பினவங்ககிட்ட!"

"சரிங்க" என்று சொல்லிவிட்டுத் தச்சர் நேராகச் சமையலறைப் பக்கம் போனார். அங்கே மனைவி விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. எதற்கு என்று போய்க் கேட்க டாக்டருக்குத் தைரியம் வரவில்லை. வீட்டுச் சொந்தக்காரருக்குப் போன் போட்டார். அவர் எடுக்கவே இல்லை. சாப்பிடாமலேயே கிளினிக்குக்குத் திரும்பிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மச்சான் வந்து நின்றான். மனைவியின் தம்பி. தோளில் ஒரு கத்தை கயிறு. வந்ததும் டாக்டரை இறுகக் கட்டிக்கொண்டான்.

"மனசைத் தளர விடாதீங்க அத்தான். நாங்க பக்கத்துலதானே இருக்கோம். நான் தினமும் வந்து பார்த்துக்கறேன்."

"உன் காதுக்கும் வந்துடுச்சா? மச்சான், நான் எங்கேயும் போகலடா!"

மச்சான் முதுகைத் தட்டிக்கொடுத்தான். "முதல்ல அப்படித்தான் இருக்கும் அத்தான். பழகிடும்."

அதற்குள் தெருவில் ஒரு லாரி வந்து நின்றது. இரண்டு சுமையாட்கள் தடதடவென்று மாடியேறி வந்தார்கள். டாக்டர் வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"நில்லுங்க! நாங்க வீட்டைக் காலி பண்ணல. யாரோ கிளப்பிவிட்ட புரளி. ஒரு சாமானையும் தொடக் கூடாது!"

"வழியை விடுங்க" என்றாள் மனைவி பின்னாலிருந்து. "அவங்க தொடப் போறது உங்க பெட்டிங்களை மட்டும்தான்."

டாக்டர் திரும்பினார். கை தானாகக் கீழே இறங்கியது.

"பெட்டிங்களையா?"

"தம்பி வீட்டுக்குப் பக்கத்துல ஒரு ஷெட்டு காலியா இருந்துச்சு. நல்ல வெளிச்சம். பேசி முடிச்சுட்டேன். இந்த ரூம்ல நான் பிள்ளைங்களுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கப் போறேன். வீட்டுல உக்காந்து உக்காந்து எனக்குத் துருப்பிடிச்சுடும் போலிருக்கு. பெட்டிங்களைத் தேய்க்கறதுக்கு ஆள் இருக்கு, என்னை யாரு தேய்க்கறது?"

டாக்டருக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. இருபது பிள்ளைகள். பெஞ்சு. தச்சரின் பேச்சைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பு. மச்சானின் ஆறுதல், பெட்டிகளைப் பிரிகிற துக்கத்துக்காக. ஊரெல்லாம் பேசிய காலி, இந்தப் பெட்டிகளின் காலிதான்! நாலைந்து நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியதில் அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்" என்றார். "கிளினிக்ல இன்னொரு பெட்டி இருக்கு. உனக்குத் தெரியாம வாங்கிட்டேன்."

"தெரியும். வர்ற வழியிலேயே அதை ஏத்திட்டாங்க."

அவள் குரலில் கோபமே இல்லை. இப்படிப்பட்டவளுக்காகப் பெட்டிகளைப் பிரிவது ஒரு தியாகமா என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டார். "நீ டியூஷன் எடு. நல்லா எடு. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல" என்றார் பெருந்தன்மையாக. வருத்தம் இருந்தது. ஆனால் வருத்தமில்லை என்று சொல்லும்போது கிடைத்த பெருமை அதைவிடப் பெரிதாக இருந்தது.

பெட்டிகள் ஒவ்வொன்றாக இறங்கின. திருப்பத்தில் ஒன்றுகூட மாட்டவில்லை. வக்கீல் தன் வாசலில் நின்று ஒவ்வொரு பெட்டிக்கும் தலையசைத்து விடை கொடுத்தார். டாக்டர் லாரிவரை கூடவே போனார். பித்தளை மூலைகளைச் சட்டைக் கையால் துடைத்தார். வளைந்த மூடியைத் தட்டிக்கொடுத்தார். பட்டைகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க நடுவில் சாக்கைச் செருகச் சொன்னார். மச்சான் கயிற்றை இழுத்துக் கட்டினான். மாடி ஜன்னலில் நின்று மனைவி கையசைத்தாள். பெட்டிகளுக்குத்தான் கையசைக்கிறாள் என்று நினைத்து அவரும் பெட்டிகளைப் பார்த்துக் கையசைத்தார்.

"பார்த்துப் பத்திரமாக் கொண்டு போங்கப்பா" என்றார் தழுதழுத்த குரலில். "சரி, நான் மேலே போறேன்."

லாரிக்காரர் குழம்பிப்போய் அவரைப் பார்த்தார்.

"மேலே எங்க சார் போறீங்க? பெட்டிங்களையும் ஐயாவையும் சேர்த்து ஷெட்டுல எறக்கணும்னுதானே அம்மா வண்டி பேசினாங்க. முன்னால ஏறிக்கறீங்களா, இல்ல பின்னால பெட்டிங்களோடவே வர்றீங்களா?"