தொலைந்த பையும் வளர்ந்த பொய்யும்

கன்வேயர் பெல்ட் கடைசிச் சுற்றும் சுற்றி ஓய்ந்து நின்றது. எபோ குவான்ஸாவின் பை வரவில்லை. அக்ரா விமான நிலையத்தில் பை தொலைந்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்ன முதல் மனிதர் அவராகத்தான் இருக்கும்.

காரணம் இருந்தது. தேமா துறைமுகத் தொழிலாளர் சங்கம் அவரை மொம்பாசா மாநாட்டுக்கு அனுப்பியிருந்தது. மனைவி அரபா கேட்டது ஒரே ஒரு தோல் கைப்பை. அதைக்கூட அவர் வாங்கவில்லை. கைக்காசெல்லாம் சுட்ட ஆட்டுக்கறியாகவும் பீராகவும் மாறிச் சங்கத்தார் வயிற்றுக்குள் போய்விட்டது. வழியெல்லாம் என்ன பொய் சொல்வதென்று யோசித்ததில் தலைவலி வந்ததுதான் மிச்சம். இப்போது விமானக் கம்பெனியே பெரிய மனசு பண்ணி ஒரு பொய்யைக் கையில் கொடுத்திருக்கிறது. பை போனால் என்ன, பொய் கிடைத்ததே!

வீட்டுக்குள் நுழைந்ததும் அவிழ்த்துவிட்டார்: “எல்லாம் வாங்கினேன் அரபா. எல்லாம் பையோட போச்சு.”

“என்னென்ன?”

“கைப்பை, நல்ல தோலு. சிவப்புச் செருப்பு. பாசிமணி மாலை.”

அரபா புளித்த சோளமாவு உருண்டையான கெங்கியைப் பிட்டு, வறுத்த மீனோடு மென்றுகொண்டே கேட்டாள். சண்டை போடவில்லை. அதுவே அவருக்குச் சரியாகப் படவில்லை.

“போனது போகட்டும் விடு,” என்றார்.

“எப்படி விடுறது, ஃபீஃபி அப்பா? ஏத்திக்கிட்டு வந்தவனுக்குப் பொறுப்பு இல்லையா? காலையில கிளம்புங்க.”

விமானக் கம்பெனி அலுவலகத்தில் லாம்ப்டி என்ற இளைஞன் பொறுமையாக விளக்கினான். “பன்னாட்டு விதி இருக்கு அக்கா. மூணு வாரத்துல பை வரலேன்னா தொலைஞ்சதாத்தான் கணக்கு. நஷ்டஈடு உண்டு, அதுக்கும் ஒரு உச்சவரம்பு இருக்கு. உள்ள என்ன இருந்துச்சுன்னு ஐயா சொல்லட்டும்.”

எபோ விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். “கைப்பை... கறுப்புச் செருப்பு...”

“நேத்து சிவப்புன்னீங்க?” என்றாள் அரபா.

“ரெண்டு ஜோடி வாங்கினேன்.”

“எனக்கா? ரெண்டு ஜோடியா!” நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். கண்கூடக் கலங்கியது.

அதற்குப் பிறகு அவருக்கு நிம்மதி இல்லை. நினைத்தபோதெல்லாம் அரபா அவரை அக்ராவுக்கு இழுத்துப் போனாள். வெயிலில், நெரிசலில், இறகு பிடுங்கின கோழிபோல ட்ரோட்ரோ வண்டிக்குள் நசுங்கினார். போகிற வழியில் பொய் குட்டி போட்டது.

“என் தங்கச்சிக்கு ஒண்ணும் வாங்கலையா?”

“வாங்காம இருப்பேனா? துணி.”

“எங்கம்மாவுக்கு?”

“போர்வை,” என்றார் களைத்துப்போய். உண்மையில் அத்தனையும் ஏறியிருந்தால் விமானம் தரையை விட்டு எழும்பியிருக்காது.

மூன்று வாரம் எப்போது முடியும் என்று அவர் காத்திருக்க, லாம்ப்டி போன் செய்தான். பை லுசாகாவுக்குப் போயிருந்ததாம். இப்போது வந்துவிட்டதாம்.

“நீ எதுக்கு அலையணும்? நான் மட்டும் போய்...” என்று எபோ ஆரம்பித்தபோது அரபா தலைத்துணி கட்டி வாசலில் நின்றாள்.

மேசைமேல் வைத்துப் பையைத் திறந்தார்கள். அழுக்குச் சட்டைகள். மாநாட்டுத் தொப்பி. லுசாகாவரை ஈரத்தோடு போய் வந்த துண்டு. லாம்ப்டி மூக்கைப் பொத்திக்கொண்டான்.

“திருடிட்டானுங்க!” என்று எபோ கத்தினார். அவர் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது.

லாம்ப்டி பையைத் தராசில் வைத்தான். “மொம்பாசாவுல ஏத்தின எடை சீட்டுலயே இருக்கு ஐயா. துளியும் குறையல. பூட்டும் உடையல.”

“உங்க மேல தப்பில்ல தம்பி,” என்றாள் அரபா. “புகார வாபஸ் வாங்கிக்கறோம்.”

வெளியே வந்து, எபோ இடிக்காகக் காத்திருந்தார்.

“ஆட்டுக்கறி நல்லா இருந்துச்சாமே?”

“யாரு சொன்னா?”

“நீங்க வந்து இறங்கின அன்னிக்கே உங்க சங்கச் செயலாளர் பொண்டாட்டி சொல்லிட்டா.”

“அப்புறம் எதுக்குடி என்னை இந்த வெயில்ல இழுத்தடிச்ச?”

“நான் கேட்டது ஒரு கைப்பை. மிச்சமெல்லாம் நீங்களாக் குடுத்த வாக்கு. நாளுக்கு நாள் நல்லா வளந்துச்சு. நடுவுல எதுக்குக் கெடுக்கணும்?” வந்த வண்டியைக் கைகாட்டி நிறுத்தினாள். “மகோலா சந்தை! ரெண்டு பேரு!”

பெரிய டிவிக்கென்று அவர் சேர்த்து வைத்திருந்தது அன்றோடு தீர்ந்தது. கைப்பை, செருப்பு ரெண்டு ஜோடி, மாலை, துணி, போர்வை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு அவள் பின்னால் நடந்தார். பக்கத்து வீட்டு நா டெடே வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

“இதெல்லாம் ஏது அக்கா?”

“மொம்பாசாவுல வாங்கினார். பை இன்னிக்குத்தான் வந்துச்சு,” என்றாள் அரபா, கண் சிமிட்டாமல்.

எபோ சுமைக்கு மேலே எட்டி அவளைப் பார்த்தார். மானத்தைக் காப்பாற்றிவிட்டாளே!

“அண்ணனுக்கு எவ்வளவு பாசம்! அடுத்த வருஷமும் மாநாடு உண்டா அண்ணா?”

அவர் வாயைத் திறப்பதற்குள் அரபா சொன்னாள்: “உண்டு. ஆனா இவரை நம்பிப் பைய அனுப்ப முடியாது. நானும் கூடப் போறேன்.”