வலது கை மட்டும் வெளியே

எந்தக் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தாலும் மற்றவர்கள் முதலில் மணமேடையைப் பார்ப்பார்கள். நான் கழிவறை எந்தப் பக்கம் என்று பார்ப்பேன். குடல் நோயாளிகளின் உலகம் அவ்வளவுதான்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு டாக்டர்தான் முதலில் கண்டுபிடித்தார். "பெருங்குடல்ல புண்ணுங்க. அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். நாங்க படிக்கறப்ப வெளிநாட்டுக்காரங்க வியாதின்னு சொல்லிக் குடுத்தாங்க. இப்ப ஓமலூர், ஆத்தூர்ல இருந்தெல்லாம் வர்றாங்க." ஏன் என்று கேட்டேன். சாப்பாடு மாறியது, வாழ்க்கை மாறியது என்று பலதும் சொல்கிறார்கள், உறுதியாகத் தெரியாது என்று சொல்லி, விடாமல் சாப்பிட மாத்திரை எழுதிக் கொடுத்தார். எனக்கு உள்ளூர ஒரு பெருமை. எங்கள் வம்சத்தில் ஒருவரும் பாஸ்போர்ட் எடுத்ததில்லை. என் குடல் மட்டும் யாருக்கும் சொல்லாமல் வெளிநாடு போய் வந்திருக்கிறது!

அம்மாவுக்கு அந்தப் பெருமை இல்லை. தங்கைக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி வைத்திருப்பவர். "அண்ணனுக்கு இருக்கறது தங்கச்சிக்கும் இருக்குமோன்னு பேசுவாங்க சாமி. கல்யாணம் முடியற வரைக்கும் அந்த மாத்திரைய யார் கண்ணுலயும் காட்டாத" என்றார். ஒளித்து வைத்துச் சாப்பிட்டிருக்கலாம். நான் புத்திசாலி, சாப்பிடுவதையே நிறுத்திவிட்டேன்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் கைகோர்வை என்று ஒரு சீர் உண்டு. மாப்பிள்ளையும் பெண்ணின் சகோதரனும் எதிரெதிரே உட்கார்ந்து கை கோர்க்க, மேலே துணி போர்த்துவார்கள். ஒருவர் வாழ்த்துப் பாடுவார். பாடி முடித்து, அருமைக்காரர் (சீர்களை நடத்திவைக்கும் பெரியவர்) சொல்லும்வரை கையை விடக் கூடாது. பாட்டு சின்னதல்ல.

பாதிப் பாட்டில் என் வயிற்றுக்குள் யாரோ போர்வெல் போட ஆரம்பித்தார்கள்.

"மாப்ளே, கைய உடுங்க."

"உடக்கூடாதாமுங்க மச்சான்."

"அவசரமுங்க."

"எத்தன அவசரமுங்க?"

"தண்ணி வந்துருச்சுங்க மாப்ளே."

தொழில் தெரிந்த மனிதர். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. கையை விடாமலே எழுந்தார். போர்த்திய துணியோடு இருவரும் மேடையிலிருந்து குதித்து ஓடினோம். பாட்டை நிறுத்தக் கூடாதே என்று பாடுகிறவர் பாடிக்கொண்டே பின்னால் ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் வீடியோக்காரர், விளக்கோடு.

உள்ளே நான். கதவிடுக்கு வழியாக வெளியே என் வலது கை. அதைப் பிடித்தபடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு மாப்பிள்ளை. இடது கை என் வசமே இருந்தது. (வலது கையை மட்டும் கேட்கும்படி இந்தச் சீரை ஏற்படுத்திய முன்னோர்களின் தொலைநோக்கை அன்று வியந்தது போல் என்றும் வியந்ததில்லை.) வெளியே பாடுகிறவர் வாழ்த்த வாழ்த்த, உள்ளே என் வயிறும் தன் பங்குக்கு வாழ்த்தியது.

மேடைக்குத் திரும்பியபோது மாப்பிள்ளையின் பெரியப்பா வழியை மறித்தார். "ஏனுங்க, பொண்ணோட அண்ணனுக்கு என்ன நோவு? பொண்ணுக்கும் இருக்குதா? மறைச்சுப்போட்டீங்களா?"

அம்மாவின் முகம் வெளுத்தது. தங்கை மாலையும் கழுத்துமாக என்னையே பார்த்தாள்.

"எனக்குத்தானுங்க குடல்ல புண்ணு. அவளுக்கு ஒண்ணுமில்லீங்க" என்றேன். மைக் பக்கத்தில் இருந்ததால் சமையல்கட்டுக்கும் கேட்டது.

மாப்பிள்ளை துணியை விலக்கிக் காட்டினார். "பெரீப்பா, கை உட்டுப்போச்சுங்களா? பாட்டு நின்னுச்சுங்களா? அப்பறமென்னங்க? நான் கைய உடாத ஆளுன்னு பொண்ணுக்கும் தெரிஞ்சுபோச்சு."

அருமைக்காரர் கோர்த்த கைகளைக் கிட்டத்தில் வந்து பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டே, "சீரு செல்லுமுங்க" என்று தீர்ப்பளித்தார்.

அதன்பின் நான் மாத்திரையை நிறுத்தியதில்லை. சில வருடங்கள் கழித்து, அதே டாக்டரின் வரிசையில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அதே பெரியப்பா.

"உங்களுக்குமுங்களா?"

"மெதுவாப் பேசுங்க சாமி."

குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க அவரை உள்ளே கூப்பிட்டார்கள். எழுந்தவர், வலது கையை என் பக்கம் நீட்டினார். கோர்த்துக்கொண்டு கதவுவரை போனேன்.

தங்கை வீட்டு ஹாலில் கல்யாணப் படமென்று ஒன்றுதான் மாட்டியிருக்கிறது. பட்டு வேட்டியில் மாப்பிள்ளை, வாய் திறந்தபடி பாடுகிறவர், ஒரு கதவு, கதவிடுக்கில் ஒரு கை. புதிதாக வருகிறவர்கள் அது யார் என்று கேட்பார்கள்.

"எங்கண்ணனுங்க" என்பாள். "மிச்சம் உள்ள இருக்குது."