கிடைக்குக் கிழக்கே நாற்பது எட்டு

நாற்பதாவது எட்டில் நின்று ராஜமணி கீழே பார்த்தார். நேற்று அவர் தவழ்ந்து தேடிய தடம் ஒன்றுகூட அங்கே இல்லை.

தொலைந்தது அவர் மனைவி சத்தியபாமாவின் ஒற்றைக் கம்மல். காலமான அவள் அப்பா கடைசியாகச் செய்து போட்டது. திருகைத் தட்டானிடம் கொடுத்துச் சரிசெய்து வாங்கியதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இடைசெவலில் மாமனார் புஞ்சைக்கு நேற்றுக் காலை வந்திருந்தார். எருவுக்காக அங்கே ராமசுப்புவின் இருநூறு ஆடுகளை வலைக்குள் அடைத்துக் கிடை போட்டிருந்தார்கள். கைக்குட்டையை இழுத்தபோது கம்மலும் கூடவே வந்து, மழையில் நனைந்த கரிசலில் விழுந்தது. அரை மணி நேரம் சுற்றிச் சுற்றித் தேடினார். கல்லூரியில் பரீட்சை மேற்பார்வைக்கு நேரமாகிவிடவே, இடத்தைக் குறித்துக்கொண்டு ஓடினார்.

குறித்த விதம்தான் விசேஷம். மரமோ கல்லோ இல்லாத புஞ்சை. கிடையின் கிழக்குக் கோடியிலிருந்து எட்டு வைத்து எண்ணினார், கிழக்கே நாற்பது எட்டு. காரணம் அவர் கல்லூரியில் நடத்தும் தத்துவப் பாடம். முன்னூறு வருஷத்துக்கு முன் இங்கிலாந்துக்காரர் ஒருவர், பொருள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளி என்பது அசையாமல் தனியாக இருக்கிறது என்றார். ஜெர்மன்காரர் ஒருவர், தனியாக ஒன்றும் கிடையாது, பொருளுக்கும் பொருளுக்கும் உள்ள உறவுதான் இடம் என்றார். ராஜமணி பதினெட்டு வருஷமாக ஜெர்மன் கட்சி.

மனைவியிடம் தட்டான் இன்னும் தரவில்லை என்று புளுகியிருந்தார். இன்று பதினொரு மணிக்கு அவள் தங்கை காவியாவுக்கு நிச்சயதார்த்தம். அப்பா இல்லாத சபையில் அப்பா போட்ட கம்மலாவது இருக்க வேண்டும் என்று சத்தியபாமா பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கிடையை நேத்துச் சாயங்காலமே மாத்திட்டோம்லா அண்ணாச்சி," என்றார் ராமசுப்பு.

ராஜமணி வலையையும் தன் காலடியையும் மாறி மாறிப் பார்த்தார். "எவ்வளவு தூரம் மாத்துனிய?"

"ஒரு கிடை தூரம் விட்டு, கெழக்க."

"ஒரு கிடைன்னா எத்தனை அடி?"

"ஆடு எம்புட்டு எடம் கேக்கோ அம்புட்டு."

ஜெர்மன்காரர் கேட்டிருந்தால் ராமசுப்புவைக் கட்டிப்பிடித்திருப்பார். ராஜமணி அந்த நிமிஷமே இங்கிலாந்துக் கட்சிக்கு மாறினார். கிடை எங்கே போனால் என்ன, நேற்றைய இடம் நேற்றைய இடத்தில்தானே இருக்கும்? புதுப் புழுக்கை கிடந்ததை வைத்துப் பழைய கிடையைக் கண்டுபிடித்து, அதன் கோடியிலிருந்து மறுபடி எண்ணினார். முப்பதாவது எட்டில் வலை நெஞ்சில் இடித்தது. மிச்சம் பத்து எட்டு இன்றைய கிடைக்குள் இருந்தது. இருநூறு ஆடுகள் ராத்திரி முழுக்க அந்த இடத்தைத்தான் மிதித்திருக்கின்றன.

செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே நுழைந்தார். ஆடுகளின் கால்களுக்கு நடுவே குனிந்து புழுக்கையைத் துழாவினார். புது ஆளைக் கண்டு மிரண்ட கிடா ஒன்று பின்னாலிருந்து முட்டியது. ராஜமணி வலையில் விழ, வலைக்குச்சி பிடுங்கிக்கொள்ள, ஆடு பூராவும் பக்கத்துப் புஞ்சை உளுந்துக்குள் இறங்கிவிட்டது. அசைவு என்பது என்ன என்று வகுப்பெடுக்கிறவர், ஆட்டுக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் ஓடினார். மடக்கிக்கொண்டு வந்தபோது எந்தக் கோடியும் இல்லை, எந்தத் தடமும் இல்லை.

போனை எடுக்காத கணவரைத் தேடி ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள் சத்தியபாமா. பட்டுச்சேலை கட்டியிருந்தாள், ஒரு காது மூளியாக இருந்தது. ராஜமணி பொய்யை ஒப்புக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். சொன்னதோடு விட்டிருக்கலாம்.

"இதுல என்ன சிக்கல்னா பாமா, இடம்ங்கது..."

"எனக்கு எடம் வேண்டாம். கம்மல் வேணும்."

பட்டுச்சேலையோடு வரப்பில் உட்கார்ந்து அழுதாள். அவளை இப்படி மாமனார் செத்த அன்றுதான் பார்த்திருக்கிறார். ராஜமணிக்குத் தன் படிப்பின்மேலேயே வெறுப்பு வந்தது. இங்கிலாந்தும் ஜெர்மனியும் நாசமாய்ப் போகட்டும் என்று, இரண்டு கட்சியிலிருந்தும் விலகி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வலையோரம் ராமசுப்புவின் மனைவி செல்வமாரி, பாவப்பட்ட மனுஷன் எப்படி வீடு போய்ச் சேருவார் என்று, ராஜமணி புஞ்சைக்கு மட்டும் போட்டு வரும், நேற்றும் போட்டிருந்த பழைய செருப்பிலிருந்து காய்ந்து இறுகிய கரிசலைக் குச்சியால் பெயர்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று குச்சியைக் கீழே போட்டுவிட்டு, பெயர்ந்த கட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தாள்.

"கம்மல் எங்கயும் போகல அண்ணாச்சி, நேத்துல இருந்து நீங்கதான் அதை மிதிச்சுக்கிட்டே தேடி அலையுதிய."