மேடு மலையேறும்

மிட்டர்லேன், ஆஸ்திரியா
மார்ச் 9

என் தங்கை வால்புர்காவின் கணவரும் மிட்டர்லேன் பனிச்சறுக்குத் தளத்தின் சரிவு மேலாளருமான திரு. வின்சென்ஸ் அவர்களுக்கு, வாத்தியார் லேயோன்ஹார்ட் எழுதுவது. இங்கு நானும் என் சறுக்குக் கட்டைகளும் நலம். தங்கள் நலத்தைத் தங்கை சொல்லக் கேட்டேன். மகிழ்ச்சி, அதற்கு மேல் இல்லை. குறைகள் வருமாறு:

1. பிப்ரவரி 2: வடக்குச் சரிவில் சறுக்குவோர் வளைந்து வளைந்து தாமாக எழுப்பிய பனிமேடுகளை, சரிவைச் சமப்படுத்தும் தங்கள் சமன்வண்டி வழித்தெடுத்தது. அவற்றில் ஒன்றுக்கு ஒரு முழம் மேலே நான் சிவப்புக் கழி நட்டிருந்தேன்.

2. பிப்ரவரி 16: புது மேடு, புதுக் கழி, மீண்டும் வழிப்பு. கழி இரண்டாக வந்து சேர்ந்தது.

3. மார்ச் 1: சமாதானத்துக்காக வண்டியாலேயே மூன்று குவியல் கொட்டிவிட்டு, "வாத்தியாரே, உங்க மேடு தயார்" என்று ஓட்டுநர் கஸியன் சொல்லியனுப்பினார். அவை மேடுகள் அல்ல, கல்லறைகள்.

கழி எதற்கென்று தங்களுக்குத் தெரியும்: மேடு ஏறி அதை எட்டுகிறதா என்று பார்க்க. பனிமேடு மலையேறுகிறது என்று தங்கள் வீட்டு ஞாயிறு விருந்தில் நான் சொன்னபோது, சூப்பில் மிதந்த பாலாடைக்கட்டி உருண்டையைக் கரண்டியால் பிளந்தபடி தாங்கள் கேட்டீர்கள்: "மாடு மலையேறும், பாத்திருக்கேன். மேடு எப்படி மச்சான் ஏறும்? கழுத்துல மணி கட்டி ஓட்டுவீங்களா?" என் தங்கையும் விடவில்லை: "அண்ணா, அதுக்குப் பால் கறக்க என்னைக் கூப்பிடாதீங்க." அன்று முதல் ரொட்டிக்கடைக்காரர்கூட என்னிடம் மேட்டின் சுகம் விசாரிக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். இறங்குபவர் ஒவ்வொருவரும் ஒரு மேட்டின் கீழ்ப்பக்கத்தைச் சீவி, அந்தப் பனியை அடுத்த மேட்டின் மேல்பக்கத்தில் அப்புகிறார். கீழே தேய்ந்து மேலே வளர்வது எங்கே போகும்? மனிதர் இறங்க இறங்க மேடு ஏறுகிறது! நாளுக்கு விரலளவா, சாணளவா? கூட்டம் கூடினால் வேகம் கூடுமா? புதுப்பனி விழுந்தால் இளைப்பாறுமா? இதெல்லாம் தெரியாமல் உங்களால் எப்படித் தூங்க முடிகிறது? ஈஸ்டர் வெயிலுக்குப் பிறகு கேட்பதற்கு மேடே இராது. சமன்வண்டி பழுதாகிக் கிடந்த இந்த வாரத்தில் மேடுகள் மறுபடி எழுந்தன; ஒரு மேட்டுக்கு மேலே மூன்றாம் கழியை நட்டுவிட்டேன். வண்டி சரியாகிவிட்டதாம். அதனால்தான் இக்கடிதம்.

பழகுபவர்களுக்கும் குழந்தைகளுக்கும் சமமான பாதை வேண்டும், மறுக்கவில்லை. வடக்குச் சரிவின் இடப்பாதியை வழியுங்கள், வலப்பாதியை விட்டுவிடுங்கள். அவரவர் முழங்காலுக்கு ஏற்ற பாதி அவரவருக்கு. இதை முன்பே சொன்னதற்கு, "பாதித் தலையைச் செரச்சுட்டு கடையைச் சாத்தச் சொல்றீங்களே மச்சான்! எவனாவது அங்க காலை ஒடிச்சுக்கிட்டா, அவனை எப்படிக் கீழ கொண்டாறது?" என்றீர்கள். சறுக்கத் தெரியாதவன் அங்கே ஏன் போகிறான் என்பதே என் பதில்.

மார்ச் 15 மாலைக்குள் எழுத்துமூலம், கையொப்பத்துடன், தங்கள் பதில் வந்தாக வேண்டும். வாய்ப்பேச்சு ஏற்கப்படாது. தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். தங்களுக்கு உரியவை பதில் கண்டபின்.

லேயோன்ஹார்ட்

பி.கு.: மாப்பிள்ளை, இதை நேரில் தரச் சறுக்கி வந்தவன் வலப்பாதியில், மூன்றாம் கழிக்குப் பக்கத்தில் கிடக்கிறேன். முழங்கால் திருகிக்கொண்டது. மீட்புக்காரர்கள் சறுக்குவண்டியோடு நிற்கிறார்கள்: "இந்த மேட்டு வழியா இழுத்தா நீங்க ரெண்டா வந்து சேருவீங்க, சார்." அவர்களில் ஒருவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்; கஸியனைச் சமன்வண்டியோடு அனுப்பு. எல்லாவற்றையும் வழித்துவிடட்டும், ஒன்றைத் தவிர. என் மூக்குக்கு நேரே இருக்கும் இந்த மேடு கழியைத் தொட்டுவிட்டது. ஏறுகிறது மாப்பிள்ளை, ஏறுகிறது! பதில் எழுத வேண்டாம். வண்டிச் சத்தம் கேட்டால் போதும். கெடு: இருட்டுவதற்குள்.