ஆறு சக்கரமும் ஒரு மாங்காய்ப் பூட்டும்

திண்டுக்கல்
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து

அன்பு மருமகன் இஷாக் அவர்களுக்கு, மாமா கிதர் முகம்மது பூட்டுக்கடையில் உட்கார்ந்து எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நானும் உங்கள் மாமி நர்கீஸும் சுகம். நீங்களும் மகள் பாஸிலாவும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். சுகத்தோடு நிறுத்திக்கொள்கிறேன், இனி விஷயம்.

உங்கள் அருங்காட்சியக அதிகாரி சூசைமாணிக்கம் சாருக்கு நான் மன்னிப்புக் கடிதம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் வேலை நிரந்தரமாகாது என்று போனில் சொன்னீர்கள். எழுத மாட்டேன். ராணுவ வண்டிகளைப் பார்க்க வாங்க மாமா என்று கூப்பிட்டது நீங்கள். வந்தேன், மூலையில் நின்ற கவச வண்டியைப் பார்த்தேன், போர்டில் ஏதோ சாதாரண மாடலின் பெயரும் படமும் இருந்தன, படத்தில் பக்கத்துக்கு ஐந்து சக்கரம், வண்டியில் ஆறு, கண்ணாடியைத் துடைத்துவிட்டு எண்ணினேன், மாமியையும் எண்ணச் சொன்னேன், அவளுக்கும் ஆறுதான், அப்புறம் மேல்மூடியை அண்ணாந்து பார்த்தால் தொங்குகிறது நம்ம ஊர் மாங்காய்ப் பூட்டு! ஆயிரக்கணக்கில் செய்து தள்ளும் வண்டிக்கு எவனாவது கையால் செய்த பூட்டு மாட்டுவானா? சோதனைக்கென்று ஒன்றே ஒன்று செய்து, யார் கண்ணிலும் படக் கூடாது என்றால்தான் திண்டுக்கல்லுக்கு ஆள் அனுப்புவான்.

இதைச் சொன்னதும் அந்த சார் சிரித்தார், பக்கத்தில் நின்ற நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். "பெரியவரே, போர்டுல தெளிவா எழுதியிருக்குல்ல?"

"எழுதுனவரு சக்கரத்தை எண்ணலையே சார்."

"அதெல்லாம் எக்ஸ்பர்ட் பாத்துக்குவாங்க."

பூட்டைத் தொட்டுப் பார்த்தால் செத்த நேரத்தில் நிரூபித்துவிடலாமே என்று ஏறினேன். பாதியில் வேட்டி ஒரு கொக்கியில் மாட்டியது, நான் மேலே போனேன், அது வரவில்லை. காவலாளி விசில் ஊதினார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் அம்புட்டுப் பேரும் போனைத் தூக்கிவிட்டார்கள், மாமி தன் துப்பட்டியை வீசி என் மானத்தைக் காப்பாற்றினாள். போனது என் மானம், அதற்கு மன்னிப்பும் நானே கேட்க வேண்டுமா? உலகத்தில் ஒன்றே ஒன்றான வண்டி அடுத்தவன் பெயரைச் சுமந்துகொண்டு மூலையில் நிற்கிறது. பூட்டைப் பார்த்து ஊர் சொல்லத் தெரியாதவன் என்று நானே கையெழுத்துப் போட்டால், நாளைக்குக் கடையை எந்த முகத்தோடு திறப்பேன்?

பாஸிலாவுக்கு என் துஆ. கோபமென்றால் போனை எடுத்துக் கோபப்படச் சொல்லுங்கள், எடுக்காமலே கோபப்பட்டால் எனக்கு எப்படித் தெரியும்? ஆண்டவன் உங்கள் வீட்டில் பரக்கத்தைப் பொழியட்டும்.

ஒருக்காலும் தலைகுனியாத மாமா,
கிதர் முகம்மது

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன் மாமியிடம் படித்துக் காட்டினேன். "மாங்காப் பூட்டா? பாஸிலா நிக்காஹ் சீர்ப் பெட்டியில போட்டு விட்டோமே, அதுங்க. வண்டிக்குள்ள புள்ளைக விழுந்துரும்னு மாப்ளதான் யாருட்டயும் கேக்காம மாட்டுனாராம். சாவியத் தொலைச்சுட்டாருன்னு பாஸிலா எங்கிட்ட அழுதா" என்கிறாள். இம்புட்டு நாள் ஏன் சொல்லவில்லை என்றால், "நீங்க எங்க பேச விட்டீங்க?" என்கிறாள். அன்று நீங்கள் தரையையே பார்த்துக்கொண்டு நின்ற காரணம் இப்போதுதான் புரிகிறது. எங்கள் பீரோவில் இருந்த மாற்றுச் சாவியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மன்னிப்புக் கடிதமும் உள்ளே இருக்கிறது, பூட்டுக்கு மட்டும். அதை அந்த சாரிடம் கொடுக்கும் முன் வண்டியருகே கூட்டிப்போய், சக்கரத்தை எண்ணச் சொல்லுங்கள். வாய்விட்டு.